நுரையீரலுக்குள்ளேயே ஒரு ‘காவல் முகாம்’: சளி, ஃப்ளூ, டிபி கிருமிகளை உடல் எப்படி எதிர்கொள்கிறது?

“போன மாசம்தானே சளி பிடிச்சுது, மறுபடியுமா?” மழைக்காலம் வந்துவிட்டால் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. ஒரே வீட்டுக்குள் ஒரே கிருமிதான் நுழைகிறது. ஆனால் ஒருவருக்கு அது இரண்டு நாள் தும்மலோடு போய்விடுகிறது. இன்னொருவருக்கு நிமோனியாவாக மாறி ஐசியூ வரை கொண்டுபோகிறது.

“அவருக்கு எதிர்ப்பு சக்தி கம்மி” என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்த எதிர்ப்பு சக்தி உடம்பில் எங்கே இருக்கிறது? ரத்தத்திலா, கழுத்தில் வீங்கும் நெறிகட்டிலா, இல்லை நுரையீரலுக்குள்ளேயா?

மூன்றிலும் இருக்கிறது என்பதுதான் பதில். அதிலும் நுரையீரலுக்கு உள்ளேயே தேவைப்படும்போது முளைத்து, வேலை முடிந்ததும் கலைந்துபோகும் ஒரு தனி ‘முகாம்’ இருக்கிறது. ஃப்ளூவில் இருந்து டிபி வரை, தடுப்பூசி ஏன் சில நோய்களை முழுசாகத் தடுக்கிறது, சிலவற்றைத் தடுப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள இந்த முகாமைப் பற்றித் தெரிந்திருப்பது நல்லது. விரிவாகப் பார்க்கலாம்.

திறந்தே கிடக்கும் வாசல்

ஒரு மனிதர் ஒரு நாளைக்கு சுமார் 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறார். அந்தக் காற்றோடு தூசி, புகை, மகரந்தம், பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் எல்லாமே சேர்ந்து உள்ளே போகின்றன. சாப்பாட்டைப் பார்த்து, முகர்ந்து, கெட்டுப்போயிருந்தால் தள்ளி வைக்கலாம். மூச்சை அப்படித் தள்ளிவைக்க முடியாது.

நுரையீரலின் கடைசி முனையில் 30 கோடிக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு காற்று நுண்ணறைகள் உள்ளன. இவற்றை எல்லாம் விரித்து வைத்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு வரும். ஒரு பெரியவரின் மொத்தத் தோலும் 2 சதுர மீட்டர்தான். அதாவது வெளியுலகத்தோடு உடம்பு உரசிக்கொள்ளும் மிகப்பெரிய இடங்களில் ஒன்று நுரையீரல்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தோல் தடிமனானது. ஆனால் நுண்ணறையின் சுவர் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போக முடியும். சுவரைத் தடிமனாக்கிக் கிருமியைத் தடுக்கவும் முடியாது, அப்படியே விட்டுவிடவும் முடியாது.

அதே நேரம், கிருமியோடு சண்டை அளவுக்கு மீறிப் போனாலும் ஆபத்துதான். காலில் அடிபட்டால் வீங்குகிறது, நாலு நாளில் வற்றுகிறது. அதே வீக்கமும் நீர்க்கோப்பும் நுண்ணறைக்குள் நடந்தால் காற்று நுழைய இடமில்லாமல் ஆக்சிஜன் அளவு சரிந்துவிடும். கொரோனா காலத்தில் பல நோயாளிகளின் நிலைமை மோசமானதற்கு வைரஸ் மட்டும் காரணமில்லை. அதை எதிர்த்து உடம்பு நடத்திய கட்டுப்பாடில்லாத சண்டையும் ஒரு காரணம்.

எனவே நுரையீரலின் பாதுகாப்பு என்பது கத்தி மேல் நடப்பது மாதிரி. கிருமியும் சாக வேண்டும், மூச்சும் நிற்கக் கூடாது.

முதல் அடுக்கு: கோழையும் குறுஇழைகளும்

உள்ளே வரும் பெரிய தூசித் துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலேயே மாட்டிக்கொள்கின்றன. அதைத் தாண்டிப் போகிறவை மூச்சுக்குழாயின் உட்புறத்தில் பூசியது மாதிரி இருக்கும் கோழையில் ஒட்டிக்கொள்கின்றன.

இந்தக் கோழைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத குறுஇழைகள் லட்சக்கணக்கில் உள்ளன. காற்றில் ஆடும் நெற்பயிர் போல இவை நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் ஒரே திசையில் அசைந்து, கோழையைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே வந்ததை நாம் தெரியாமலேயே விழுங்கிவிடுகிறோம். வயிற்றில் இருக்கும் அமிலம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

கோழைக்குள் ‘ஐஜிஏ’ என்ற வகை ஆன்டிபாடிகளும் இருக்கின்றன. கிருமி செல்லைத் தொடுவதற்கு முன்பே அதைப் பிடித்துக் கட்டிப்போடுவது இவற்றின் வேலை. ரத்தத்தில் அதிகம் இருப்பது ‘ஐஜிஜி’ என்ற வேறு வகை. இந்த வித்தியாசம் பின்னால் தடுப்பூசி விஷயத்தில் முக்கியமாக வரும்.

இரண்டாவது அடுக்கு: நுண்ணறைக்குள் ரோந்து

கோழையையும் தாண்டி நுண்ணறை வரை போய்ச் சேரும் கிருமிகளைக் கவனிக்க ‘மேக்ரோஃபேஜ்’ என்ற விழுங்கும் செல்கள் அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. ஊர்ந்து ஊர்ந்து போய், வழியில் கிடைக்கும் தூசி, கிருமி, செத்த செல் எதுவானாலும் அப்படியே விழுங்கிவிடும்.

இப்படி விழுங்கும் செல்கள் உடம்பில் உண்டு என்று முதலில் நிரூபித்தவர் எலியா மெட்ச்னிகாஃப். 1882-ல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் லார்வாவில் ஒரு முள்ளைக் குத்தி வைத்து, அதைச் சுற்றி செல்கள் கூடுவதை அவர் பார்த்தார். 1908-ல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நுண்ணறையில் இருக்கும் மேக்ரோஃபேஜுக்கு ஒரு தனி குணம் உண்டு. சும்மா சும்மா ‘அலாரம்’ அடிக்காது. ஒவ்வொரு தூசிக்கும் சண்டையைக் கிளப்பினால் நுரையீரல் தாங்காது என்பதால், முடிந்தவரை சத்தமில்லாமல் சுத்தம் செய்துவிடப் பார்க்கும். தன்னால் முடியாது என்ற நிலை வந்தால்தான் வேதிப்பொருட்களைச் சுரந்து மற்ற படைகளைக் கூப்பிடும்.

ஃப்ளூவுக்குப் பிறகு ஏன் நிமோனியா வருகிறது என்பதற்கான ஒரு விடையும் இங்கே இருக்கிறது. ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உள்பூச்சைச் சிதைத்துவிடுகிறது. இந்தக் காவல் செல்களும் எண்ணிக்கையில் குறைந்துபோவதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நேரம் பார்த்து, தொண்டையில் சும்மா இருந்த பாக்டீரியா கீழே இறங்கிவிடுகிறது. 1918 ஃப்ளூ பெருந்தொற்றில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அந்தப் பெருந்தொற்றில் இறந்தவர்களின் திசு மாதிரிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, பெரும்பாலான மரணங்களுக்கு வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவே காரணம் என்று தெரியவந்தது.

கழுத்தில் நெறிகட்டுவது ஏன்?

தொண்டைப்புண் வந்தால் தாடைக்குக் கீழே நெறிகட்டுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அதுதான் நிணநீர் முடிச்சு. இதே போல நுரையீரலின் வாசலிலும், மூச்சுக்குழாய் பிரியும் இடத்திலும் நிறைய முடிச்சுகள் இருக்கின்றன. எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோதான் தெரியும்.

கிருமியின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ‘டென்ட்ரிடிக்’ என்ற தூதுவர் செல்கள் இந்த முடிச்சுக்கு ஓடும். அங்கே லட்சக்கணக்கான டி செல்களும் பி செல்களும் காத்திருக்கும். அவற்றில் எதற்கு இந்தக் கிருமியின் அடையாளம் பொருந்துகிறதோ, அது மட்டும் பல மடங்காகப் பெருகும். பி செல்களில் இருந்து ஆன்டிபாடி வரும். டி செல்களில் ஒரு பிரிவு வைரஸ் புகுந்த செல்களைத் தேடிப் போய் அழிக்கும்.

முதல் தடவை பார்க்கும் கிருமி என்றால் இந்த வேலை முழுசாக முடிய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சாதாரண ஃப்ளூ காய்ச்சல் ஒரு வாரத்தை ஒட்டி இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவுதான் கதை என்று மருத்துவ உலகம் நீண்ட காலம் நினைத்தது. முகாம் வெளியே இருக்கிறது, சண்டை நடக்கும் இடம் நுரையீரல், படை அங்கிருந்து இங்கே வர வேண்டும் என்பதுதான் பாடம். அந்தப் பாடத்தில் ஒரு பகுதி விட்டுப்போயிருந்தது.

நுரையீரலுக்குள்ளேயே ஒரு முகாம்

1973-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பீனென்ஸ்டாக் குழுவினர், முயலின் மூச்சுக்குழாய்ச் சுவரில் டி செல்களும் பி செல்களும் கொத்துக் கொத்தாகக் குவிந்திருப்பதை விவரித்தார்கள். இதற்கு ‘பால்ட்’ என்று பெயர். மூச்சுக்குழாயை ஒட்டிய நிணநீர்த் திசு என்பது அதன் பொருள். தொண்டையில் இருக்கும் டான்சிலுக்கு இது ஒரு வகையில் தம்பி மாதிரி.

முயலுக்கு இது இயல்பாகவே இருக்கிறது. ஆனால் ஆரோக்கியமான பெரியவர்களின் நுரையீரலில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் மட்டும் ஓரளவு காணப்படுகிறது. ‘அப்படியென்றால் மனிதர்களுக்கு இது முக்கியமில்லை போல’ என்ற எண்ணம் பல ஆண்டுகள் நீடித்தது.

திருப்பம் 2004-ல் வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சாரனாக் லேக் என்ற ஊரில் ட்ரூடோ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிபி நோயாளிகளுக்காக அந்த ஊரில் தொடங்கப்பட்ட சானடோரியத்தின் வழியில் உருவான நிறுவனம் அது. அங்கே ட்ராய் ராண்டல் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள்.

மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள், குடலை ஒட்டிய நிணநீர்த் திசு ஆகிய மூன்றுமே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அதாவது சிப்பாய்கள் உண்டு, ஆனால் அவர்கள் கூடுவதற்கு ஒரு முகாம்கூடக் கிடையாது. இந்த எலிகளுக்கு ஃப்ளூ வைரஸைக் கொடுத்தார்கள்.

எலிகள் செத்துப்போகவில்லை! நுரையீரலுக்குள்ளேயே புதிதாக நிணநீர்த் திசு முளைத்தது. அங்கேயே டி செல்கள் பெருகின, ஆன்டிபாடி உருவானது, வைரஸ் வெளியேற்றப்பட்டது. அதைவிட ஆச்சரியம், சாதாரண எலிகளைக் காட்டிலும் அதிக அளவு வைரஸை இவை தாங்கிக்கொண்டன. உள்ளூரில் நடந்த சண்டை, வெளியில் இருந்து படை வந்து நடத்தும் சண்டையைவிடக் கட்டுக்குள் இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இப்படித் தேவைக்கு ஏற்ப முளைக்கும் திசுவுக்கு ‘ஐபால்ட்’ என்று பெயர் வைத்தார்கள். தூண்டினால் உருவாகும் பால்ட் என்று பொருள்.

இந்த முகாம் எப்படி உருவாகிறது?

தேர்தல் நேரத்தில் பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டடம் புதிது இல்லை. ஆட்களும் பெட்டிகளும் வந்து சேர்கிறார்கள், நாலு தடுப்புகள் போடப்படுகின்றன, வேலை முடிந்ததும் மறுபடியும் பள்ளிக்கூடம் ஆகிவிடுகிறது. ஐபால்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

தொற்று ஏற்பட்டதும் நுரையீரல் செல்கள் சில வேதிச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு பி செல்கள் வந்து நடுவில் குவிகின்றன. சுற்றிலும் டி செல்கள் இடம் பிடிக்கின்றன. ரத்தத்தில் இருந்து செல்கள் உள்ளே இறங்குவதற்கு வசதியான சிறப்பு ரத்தக் குழாய்கள் உருவாகின்றன. தூதுவர் செல்கள் இந்த அமைப்பைக் கலையாமல் பிடித்து வைக்கின்றன. அவற்றை நீக்கினால் முகாம் கலைந்துவிடுவதும் எலி ஆய்வுகளில் தெரிந்தது.

கிருமி போன பிறகும் இந்தத் திசு உடனே மறைந்துவிடாது. வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் இருக்கும். அந்த இடைவெளியில் அதே கிருமியோ, அதன் உறவுக்காரக் கிருமியோ வந்தால் சண்டை சீக்கிரம் தொடங்கும். கைக்குழந்தைப் பருவத்தில் இந்தத் திசு எளிதாக உருவாகிறது என்பதும் எலி ஆய்வுகளில் தெரிந்த விஷயம். உலகத்தை முதன்முறையாகச் சுவாசிக்கும் நுரையீரலுக்கு அது ஒரு பயிற்சிக்காலம்.

வீட்டோடு தங்கிவிடும் நினைவு செல்கள்

முகாமுக்கு வெளியேயும் சிலர் காவல் இருக்கிறார்கள். சண்டைக்கு வந்த டி செல்களில் ஒரு பகுதி திரும்பிப் போவதில்லை. மூச்சுக்குழாயின் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. ரத்தத்தில் சுற்றாது, நிணநீர் முடிச்சுக்கும் போகாது. அதே கிருமி மறுபடி வந்தால் ஒரு வாரம் காத்திருக்காமல் சில மணி நேரங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

பிரிட்டனில் தன்னார்வலர்களுக்கு ஆர்எஸ்வி என்ற சளி வைரஸைத் தெரிந்தே கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. மூச்சுக்குழாயில் ஏற்கெனவே இப்படிப்பட்ட டி செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு அறிகுறிகள் லேசாக இருந்தன, வைரஸ் அளவும் குறைவாக இருந்தது. ரத்தத்தில் டெஸ்ட் எடுத்தால் இந்தச் செல்கள் சரியாகத் தெரியாது. “பிளட் டெஸ்ட்ல எல்லாம் நார்மல்தானே” என்பது நுரையீரலுக்குள் இருக்கும் பாதுகாப்பை முழுசாகச் சொல்லிவிடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அப்படியென்றால் சளி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

இதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, கிருமிகளின் எண்ணிக்கை. சாதாரண சளிக்குக் காரணமான ரைனோ வைரஸில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றுக்கு எதிராகக் கிடைத்த ஆன்டிபாடி இன்னொன்றிடம் எடுபடாமல் போகலாம். சின்னக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பதுகூட இயல்புதான் என்று குழந்தைநல மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இரண்டு, உருமாற்றம். ஃப்ளூ, கொரோனா வைரஸ்கள் அடிக்கடி சட்டையை மாற்றிக்கொண்டு வருகின்றன.

மூன்று, நுரையீரலின் ‘மறதி’. தோலில் தங்கும் நினைவு செல்கள் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஆனால் நுரையீரலில் தங்குபவை அதைவிட வேகமாகக் குறைந்துவிடுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. மெல்லிய சுவருக்குள் எப்போதும் படை குவிந்திருந்தால் மூச்சு விடுவதற்கு இடம் இருக்காது. அதனால்தான் சண்டை முடிந்ததும் பெரும்பாலான செல்களை நுரையீரல் வெளியேற்றிவிடுகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கையில் ஊசியா, மூக்கில் சொட்டு மருந்தா?

கையில் போடும் ஊசி ரத்தத்தில் ஐஜிஜி ஆன்டிபாடிகளை நன்றாக உருவாக்கும். அவை நுரையீரலின் ஆழமான பகுதி வரை கசிந்து போய்ப் பாதுகாக்கும். அதனால்தான் கொரோனா தடுப்பூசிகள் உயிரிழப்பையும் ஐசியூ அட்மிஷனையும் பெரிய அளவில் குறைத்தன. ஆனால் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் ஐஜிஏ ஆன்டிபாடியையும், உள்ளூரில் தங்கும் டி செல்களையும் அதே அளவுக்கு உருவாக்குவதில்லை. “ரெண்டு டோஸ் போட்டும் கொரோனா வந்துச்சே” என்று பலர் கேட்டதற்கான விடையில் ஒரு பகுதி இது. தொற்றைத் தடுப்பது வேறு, தீவிர நோயைத் தடுப்பது வேறு.

இதைச் சரிசெய்யத்தான் மூக்கு வழி தடுப்பு மருந்துகள். இந்தியாவில் பாரத் பயோடெக் தயாரித்த ‘இன்கோவேக்’ சொட்டு மருந்துக்கு 2022 செப்டம்பரில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு அவசர கால அனுமதி கிடைத்தது. 2023 ஜனவரி 26-ல் அறிமுகமானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பத்தில் உருவானது அது. ஃப்ளூவுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே மருந்து அமெரிக்காவில் 2003 முதலே இருக்கிறது.

ஆனால் மூக்கு வழியாகக் கொடுத்தாலே வெற்றி என்று சொல்லிவிட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியை ஸ்ப்ரே வடிவில் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வின் முடிவுகள் 2022-ல் வந்தபோது, எதிர்பார்த்த அளவு பலன் இல்லை. மூக்கு தன் வேலையைச் சரியாகச் செய்வதே இங்கே சிக்கல். உள்ளே போகும் மருந்தையும் கிருமி மாதிரியே பாவித்து, கோழையோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். அந்த வேலியைத் தாண்டும் மருந்தை உருவாக்குவதுதான் இப்போதைய சவால்.

டிபியும் செங்கல்பட்டு ஆய்வும்

நுரையீரலில் எதிர்ப்பு சக்தி எங்கே இருக்கிறது என்ற கேள்வி இந்தியாவுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? காரணம் டிபி. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, உலகின் டிபி நோயாளிகளில் சுமார் 26 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள்.

டிபி பாக்டீரியாவின் தந்திரம் விசித்திரமானது. காவல் காக்கும் மேக்ரோஃபேஜ் அதை விழுங்குகிறது. ஆனால் அதனால் ஜீரணிக்க முடிவதில்லை. பாக்டீரியா அதற்குள்ளேயே பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே திருடன் ஒளிந்துகொண்ட கதை! உடம்பு அதைச் சுற்றி செல்களால் ஒரு மதில் எழுப்புகிறது. ‘கிரானுலோமா’ என்று இதற்குப் பெயர். மதில் உறுதியாக இருக்கும்வரை கிருமி உள்ளே தூங்கும். உடைந்தால் நோய் வெளிப்படும். இந்த மதிலைச் சுற்றி ஒழுங்கான நிணநீர்த் திசு உருவாகி இருந்தால் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று குரங்குகளிலும் மனிதத் திசுக்களிலும் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

பிறந்த குழந்தைக்குத் தோளில் போடப்படும் பிசிஜி தடுப்பூசி 1921 முதல் பயன்பாட்டில் உள்ளது. குழந்தைகளுக்கு வரும் டிபி மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளில் இருந்து அது காப்பாற்றுகிறது. பெரியவர்களின் நுரையீரல் டிபியைத் தடுக்கிறதா என்பதைக் கண்டறிய, 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் உலகின் மிகப்பெரிய பிசிஜி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்கேற்றார்கள். 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு கிடைத்த விடை கசப்பானது. பெரியவர்களின் நுரையீரல் டிபியை அந்தத் தடுப்பூசி அங்கே தடுக்கவில்லை.

இதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் டிபியின் உறவுக்காரக் கிருமிகளோடு மக்களுக்கு ஏற்கெனவே இருந்த பழக்கம் அவற்றில் ஒன்று. தோலில் போடும் ஊசி நுரையீரலுக்குள் போதுமான காவல் செல்களைக் குடியமர்த்துவதில்லை என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது விளக்கத்துக்கு 2020-ல் வலு கிடைத்தது. அமெரிக்காவில் குரங்குகளுக்கு அதே பிசிஜியைத் தோலில் போடாமல், அதிக டோஸில் ரத்த நாளத்தில் செலுத்தினார்கள். நுரையீரல் முழுவதும் டி செல்கள் குவிந்தன. பிறகு டிபி கிருமியைக் கொடுத்தபோது பத்தில் ஒன்பது குரங்குகள் பாதுகாக்கப்பட்டன. மனிதர்களுக்கு இந்த முறை நடைமுறையில் இல்லை. ஆனால் மருந்து அதேதான், போய்ச் சேர்ந்த இடம் மாறியதும் பலன் மாறியது. புதிய டிபி தடுப்பூசியைத் தேடுவோருக்கு அது பெரிய பாடம்.

முகாமே தொல்லையாகும்போது

நிணநீர்த் திசு நுரையீரலில் இருந்தால் எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் புகைபிடித்து சிஓபிடி வந்தவர்களின் சின்ன மூச்சுக்குழாய்களைச் சுற்றி இதே போன்ற திசுக் கொத்துகள் நிறைய இருப்பதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். நோய் தீவிரமாக ஆக, அவையும் அதிகரிக்கின்றன. முடக்குவாதத்தால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களிடமும் இது உண்டு. அங்கே உருவாகும் ஆன்டிபாடிகள் கிருமியை விட்டுவிட்டுச் சொந்த உடம்பையே தாக்கக்கூடும்.

தொற்றுக்கு முளைத்துத் தொற்று போனதும் கலையும் முகாம் நல்லது. புகையோ, சொந்த உடம்பின் மீதான தாக்குதலோ நிற்காததால் கலையாமலேயே கிடக்கும் முகாம் கெடுதல்.

இந்தப் பாதுகாப்பை எது பலவீனமாக்குகிறது?

* புகை: சிகரெட், பீடிப் புகை குறுஇழைகளை முடக்குகிறது. கோழை தேங்குகிறது. காலையில் எழுந்ததும் இருமினால்தான் சளி வெளியேறும் என்ற நிலை இதனால்தான். விட்டுவிட்டால் சில மாதங்களில் இந்த இழைகள் பெருமளவு மீள்கின்றன. விறகு அடுப்புப் புகையும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இதே தொல்லையைத் தருகிறது.

* சத்துக்குறைவு: எதிர்ப்பு செல்கள் பெருகுவதற்குப் புரதமும் கலோரியும் வேண்டும். ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் ரேஷனும் பருப்பும் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. சத்தான உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது.  டிபி நோயாளிகளுக்கான மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயில் இருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

* சர்க்கரை நோய், எச்ஐவி, வயது முதிர்ச்சி: இந்த மூன்றிலும் எதிர்ப்பு செல்களின் வேகம் குறைகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு அதிகம்.

என்ன செய்யலாம், எதை நம்ப வேண்டாம்?

“எதிர்ப்பு சக்தியை ஒரே வாரத்துல பூஸ்ட் பண்ணும்” என்று வாட்ஸ்அப்பில் வரும் பவுடரும் ஜூஸும் நுரையீரலில் இப்படி ஒரு முகாமை உருவாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. மிளகு ரசமும் கஷாயமும் தொண்டைக்கு இதமாக இருக்கலாம், தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைக்கும்போது கொதிநீர் கொட்டி வெந்துபோகும் விபத்துகள் நடக்கின்றன, கவனம் தேவை. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மெடிக்கலில் நேராகப் போய் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

நிமோனியாவைத் தடுக்கும் பிசிவி தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதும் குழந்தைக்கு ஆன்டிபாடிகளைச் சேர்க்கிறது. வயதானவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்வது பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்கலாம்.

எப்போது தாமதிக்கவே கூடாது?

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம்: அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் டிபி பரிசோதனைக்கு வழி உண்டு. பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

* குழந்தைக்கு வேகமான மூச்சு: அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதத்துக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும் அப்படித்தான்.

* ஃப்ளூ குறைந்து, மறுபடியும் காய்ச்சல் ஏறினால்: பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். “சரியாப் போயிடும்” என்று காத்திருக்க வேண்டாம்.

நுரையீரலின் காவல் திசு பெரும்பாலான கிருமிகளை நமக்குத் தெரியாமலேயே முடித்துவிடுகிறது. அதற்குத் தோற்கும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில் இருமலையும் மூச்சின் வேகத்தையும் முதலில் கவனிக்கப்போவது வீட்டில் இருப்பவர்கள்தான்.